பம்பு இருந்தது, ஆள் இல்லை

புதிதாகத் தீயணைப்புத் துறைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஹோஸை எப்படிப் பிடிப்பது, ஏணியை எப்படி நிறுத்துவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்கு மைதானம் இருக்கிறது, பயிற்சி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் சர்வீஸில் என்றைக்காவது ஒரு மேலதிகாரி சிரித்த முகத்தோடு உங்கள் தோளைத் தட்டி, "இருக்கிற ஆளை வெச்சு சமாளிச்சிடுவீங்க இல்ல?" என்று கேட்பார். கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கும். நம் ஆட்கள் அதில்தான் விழுவார்கள். "சமாளிச்சிடுவோம் சார்" என்று சல்யூட் அடித்துவிட்டு வெளியே வருவார்கள். அதற்குப் பிறகு நடப்பது மேலதிகாரியின் தலையிலும் விழாது, அரசாங்கத்தின் தலையிலும் விழாது. யார் தலையில் விழுந்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் காஞ்சிபுரத்தில் லீடிங் பயர்மேனாக இருந்தேன். எங்களுடையது வாலாஜாபாத் பக்கம் ஏர் பிடித்த குடும்பம். நிலம் பங்கு பிரிந்து சிறுத்துப்போனதால் நான் காக்கி மாட்டினேன். நிலையத்தில் அப்போது இரண்டு சாதனங்கள். ஒன்று பெரிய பயர் எஞ்சின். மற்றது இரண்டாம் உலக யுத்த காலத்தில் வந்த டிரெய்லர் பம்பு. இரண்டு சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் இறைக்கச் சொந்த எஞ்சின் உண்டு, ஆனால் தானாக நகராது. ஜீப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

பார்ப்பதற்கு அற்பமாக இருக்கும் அந்தப் பம்புதான் அந்த ஊருக்குத் தேவையானது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் பெரிய எஞ்சின் திரும்பாது. பகலில், தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூலை, பாவு என்பார்கள், தெரு நீளத்துக்குக் கழி நட்டு நீட்டியிருப்பார்கள். இரண்டு பக்கமும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். முன்பக்கம் ஓடு, பின்பக்கம் கீற்று. உள்ளே தறி, நூல், பட்டு, பின்னால் சாயம் காய்ச்சும் விறகடுப்பு. பங்குனி, சித்திரையில் காற்று திரும்பினால் எங்களுக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் சிக்கன உத்தரவு வந்தது. ஓய்வு பெற்றவர்களின் இடத்தை நிரப்பக் கூடாது என்றார்கள். அது போதவில்லை போலும். பம்புக்கென்று இருந்த ஆட்களை வேறு ஊர்களுக்கு மாற்றினார்கள். ஜீப் டிரைவர் போனார், அவரோடு ஜீப்பும் போனது. டெலிபோன் பார்த்துக்கொண்டிருந்தவர் போனார். மிஞ்சியவர்களைக் கூட்டினால், ஒரு ஷிப்டுக்குப் பெரிய எஞ்சினை நிரப்பவே ஓர் ஆள் குறைந்தது. பம்பை மட்டும் யாரும் எடுத்துப் போகவில்லை. அது ஷெட்டில் இருந்தது.

இதைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஷெட்டைத் திறந்து காட்டச் சொன்னார். பம்பைச் சுற்றி வந்தார். பித்தளைப் பாகங்களைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தோம். அவருக்கு அது பிடித்துப்போயிற்று.

"பம்பு உங்ககிட்டயேதானே இருக்கு? ஒரு சாமானையும் நாங்க குறைக்கலையே. இருக்கிற ஆளை வெச்சு சமாளிச்சிடுவீங்க இல்ல?" என்றார்.

எங்கள் நிலைய அதிகாரி, "முடியாது சார்" என்றார்.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கு அது பிடித்திருக்காது. நேரடியாக அதிகாரியாகத் தேர்வாகி வந்தவர். முப்பது வயது ஆகவில்லை, என்னைவிடச் சின்னவர். தென்பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், குரல் உயராது. யூனிபார்மில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், தனியாக இருக்கும்போது அண்ணே என்பார். சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவார். கோயிலைப் பார்க்க அல்ல, கிணறுகளைப் பார்க்க. இந்த வேலையில் எனக்குத் தெரிந்த நல்ல பழக்கங்களில் பாதி என்னைவிட இளைய அந்த ஆளிடம் பார்த்து வந்தவை.

வந்த அதிகாரியின் சிரிப்பு நின்றுவிட்டது. "எல்லா ஸ்டேஷன்லயும் முடியும்னு சொல்றாங்க. உங்களுக்கு மட்டும் என்ன?"

"அவங்க ஊர்ல எப்படின்னு எனக்குத் தெரியாது சார். இந்த ஊர்ல ரெண்டு இடத்துல ஒரே நேரத்துல பிடிச்சா ஒரு இடத்துக்கு நான் போக முடியாது. எந்த இடத்துக்குப் போக வேண்டாம்னு இப்பவே சொல்லிட்டா நல்லது."

அவர் தன் ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஜீப் கிளம்பிப் போன பிறகு நான், "கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம் சார்" என்றேன்.

"பதமா சொன்னா அதுல இருந்து அவங்களுக்கு வேணுங்கிறதை எடுத்துக்குவாங்க அண்ணே" என்றார்.

முடியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கவும் அவரால் முடியவில்லை. பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறைகளுக்குப் போய்ப் பேசினார். சாயப்பட்டறை ஆட்களுக்கு, நனைந்த பட்டு நூலை நாள் முழுக்க முறுக்கிப் பிழிந்து கை இரும்பு மாதிரி இருக்கும். பட்டறைகள் இருப்பதே கிணற்றை ஒட்டித்தான். "ஞாயிற்றுக்கிழமை வாங்க, பம்பை ஓட்டக் கத்துத் தர்றேன்" என்றார். கொஞ்சம் பேர் வந்தார்கள். அவர்களில் முனுசாமி என்பவர் முக்கியமானவர். நாற்பது வயதிருக்கும். விரல் நகம் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும்.

ஹோஸின் முனையில் தண்ணீர் பீய்ச்சும் பித்தளைக் குழாயை நாங்கள் பிராஞ்ச் என்போம். முதல் நாள் அதைப் பிடித்த முனுசாமி திணறிப்போனார்.

"இன்னா சார், இந்தத் துள்ளு துள்ளுது?"

"அதனாலதான் ரெண்டு பேர். முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர். பின்னால இருக்கிறவர் எக்காரணம் கொண்டும் விடக் கூடாது" என்றார் அதிகாரி.

"விட்டா?"

"முன்னால இருக்கிறவர் செத்தார்."

சில ஞாயிறுகள்தான் நடந்தது. யாரோ மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார்கள். வெளியாட்கள் அரசாங்கச் சாமானைத் தொடுவது விதிக்குப் புறம்பு, உடனே நிறுத்தவும் என்று உத்தரவு. அதிகாரி ஷெட்டைப் பூட்டினார். முனுசாமி அடுத்த ஞாயிறும் வந்து வாசலில் நின்றார். "அவ்ளோதானா சார்? எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா புடிபட்டுக்கினு வந்திச்சே" என்றார். அதிகாரி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

பிறகு சித்திரை. ஒரு நாள் சாப்பாட்டு நேரம் தாண்டி, வாலாஜாபாத்தில் அரிசி ஆலை ஒன்றில் தீ என்று போன் வந்தது. உமிக் குவியலில் பிடித்து ஆலைக்குள் இறங்கிவிட்டதாம். கிட்டங்கி முழுக்க மூட்டை, உள்ளே ஆட்கள். விதிப்படி எஞ்சினோடு நிலைய அதிகாரி போக வேண்டும். அவர் வாசலுக்கு வந்து காற்றைப் பார்த்தார். புழுதி தெருவில் சுழன்று போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு லீடிங் பயர்மேனைக் கூப்பிட்டு, "நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் இங்க இருக்கேன்" என்றார்.

"சார், நீங்க வரலைன்னா கேள்வி வரும்" என்றார் அவர்.

"வரட்டும். ஊரைக் காலியா விட்டுட்டு நான் வர முடியாது."

எஞ்சின் மணியடித்துக்கொண்டு போயிற்று. நிலையத்தில் அவரும் நானும் மட்டும். தனக்குத் துணையாக என்னை ஏன் நிறுத்தினார் என்றால், பம்பை ஸ்டார்ட் பண்ணத் தெரிந்தவர்களில் மிஞ்சியிருந்தவன் நான்தான்.

எஞ்சின் வாலாஜாபாத் போய்ச் சேர்ந்திருக்கும் நேரம். ஒரு பையன் சைக்கிளில் வந்து விழுந்தான். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெரு பற்றிக்கொண்டது என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் மேற்கே புகை தெரிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இருப்பது இரண்டு பேர். பம்பு இருக்கிறது, இழுக்க வண்டி இல்லை. விதியைப் பார்த்தால் நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: வேறு ஊருக்குப் போன் பண்ணிவிட்டு உட்கார்ந்திருப்பது. அப்படி உட்கார்ந்திருந்தால் எங்கள் இருவர்மேலும் ஒரு குற்றச்சாட்டும் வந்திருக்காது. இதை நான் பிறகு பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் செய்யாதவனுக்கு இந்த அரசாங்கத்தில் ஒரு கேடும் வருவதில்லை.

அதிகாரி போன் பண்ணினார். பண்ணிவிட்டு நேராக ரோட்டுக்கு நடந்துபோய், வந்துகொண்டிருந்த ஒரு லாரிக்கு முன்னால் நின்றார். செங்கல் ஏற்றிய லாரி. டிரைவர் ஒரு பாய், வயதானவர். தலையை வெளியே நீட்டித் திட்ட வாயெடுத்தவர், யூனிபார்மைப் பார்த்து நிறுத்தினார்.

"பாய், பிள்ளையார்பாளையம் எரியுது. இந்தப் பம்பை இழுத்துட்டுப் போகணும்."

"ஓனரு கேட்டா இன்னா சொல்றது சாப்?"

"நான் பிடுங்கிட்டுப் போனேன்னு சொல்லுங்க."

பாய் ஒரு நிமிஷம் புகையைப் பார்த்தார். பிறகு, "கயிறு கீதா?" என்று கேட்டபடி இறங்கினார்.

கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். தெருமுனைக்கு மேல் லாரி போகவில்லை. அங்கிருந்து ஊர் ஜனம் தள்ளியது. பாவு கட்டியிருந்த கழிகளைப் பிடுங்கி எறிந்து வழி விட்டார்கள். மாதக்கணக்கில் ஒரு குடும்பம் பாடுபட்ட பட்டு நூல் காலடியில் மிதிபட்டுக் கிடந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை.

தெருவின் மேல்பாதி போய்விட்டிருந்தது. காற்று கீழ்த்தெருவை, அதாவது கீழ்ப்பாதியை, நோக்கி அடித்தது. கீற்றுகள் தீயோடு பறந்து அடுத்த கூரையில் உட்கார்ந்தன. முனுசாமியின் பட்டறை நடுவில் இருந்தது. அவரும் அவருடைய ஆட்களும் கொப்பரையில் இருந்த சாயத் தண்ணீரை வாளி வாளியாகச் சுவரில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அரக்கும் பச்சையுமாகச் சுவர்கள் வழிந்துகொண்டிருந்தன. எங்களைப் பார்த்ததும் முனுசாமி வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, யாரும் சொல்லாமலே உறிஞ்சு குழாயைத் தூக்கிக் கிணற்றில் இறக்கினார். ஷெட்டைப் பூட்டிப் பயிற்சி நின்றுபோன பிறகும் அந்த மனிதருக்கு அது மறக்கவில்லை.

நான் பம்பை ஸ்டார்ட் பண்ணினேன். அதிகாரி பிராஞ்சைப் பிடித்தார், பின்னால் முனுசாமி. தீ கீழ்ப்பாதிக்குத் தாண்டும் இடத்தில் தண்ணீரை அடித்தார்கள். கூரை நனைந்து புகைந்தது, ஆனால் பிடிக்கவில்லை. தீயை அங்கேயே நிறுத்திவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்போது ஒரு பெண் அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்தாள். "சாமி, ஏகாம்பரம் பொண்டாட்டி உள்ள கீறா. பொடவைய அறுக்கப் போனா. கொயந்தையும் பின்னாலயே போய்ட்சி."

ஏகாம்பரம் என்பவர் தறிக்காரர். சரிகை வாங்க வெளியே போயிருந்தார். அவர் மனைவி பெயர் வள்ளியம்மாள். தறியில் ஒரு முகூர்த்தப் புடவை முடியும் தறுவாயில் இருந்தது. பட்டும் சரிகையும் முதலாளியுடையது, எரிந்துபோனால் யாருக்குப் பதில் சொல்வது என்று அறுத்தெடுக்கக் கத்தியோடு உள்ளே போயிருக்கிறாள். முன்பக்கம் புகை, பின்பக்கக் கீற்றில் தீ பிடிக்கத் தொடங்கியிருந்தது.

அதிகாரி என்னிடம் வந்தார். முகத்தில் கரி. சொன்னது இவ்வளவுதான்: "பம்பை விட்டு நகராதீங்க அண்ணே. நீங்க நகர்ந்தா கீழ்த்தெரு போச்சு."

எனக்குப் புரிந்தது. முழுக் குழு இருந்திருந்தால் இரண்டு பேர் ஹோஸில், ஒருவர் பம்பில், இரண்டு பேர் தலையில் ஈரச் சாக்கோடு உள்ளே, ஒருவர் வாசலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. அங்கே அவர் ஒருவர்தான் எல்லாம். உள்ளே தனியாகப் போகக் கூடாது என்பது நாம் முதலில் படிக்கும் பாடம். அந்தப் பாடத்தை எழுதியவர்கள் இன்னொரு ஆள் இருப்பான் என்று நினைத்து எழுதினார்கள்.

பிராஞ்சை முனுசாமியிடம் கொடுத்தார். பின்னால் பிடிக்க, பட்டறையில் வேலை செய்த ஓர் இளைஞனை நிறுத்தினார். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தவன் இல்லை. "இறுக்கிப் பிடி. விடாதே" என்று சொல்லிவிட்டு ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

முதல் தடவை குழந்தையோடு வந்தார். நாலு வயசுப் பெண். இருமிக்கொண்டே இருந்தது, உயிரோடு இருந்தது. யார் கையிலோ கொடுத்துவிட்டுத் திரும்பவும் போனார்.

அவர் உள்ளே இருக்கும்போது காற்று ஒரு வீசு வீசி, பின்னால் ஹோஸைப் பிடித்திருந்த இளைஞனின் வீட்டுக் கூரையில் தீப்பொறி விழுந்தது. உள்ளே அவனுடைய அம்மா. அவன் ஹோஸை விட்டுவிட்டு ஓடினான். அவனை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். யாராக இருந்தாலும் ஓடுவார்கள். அந்த இடத்தில், ஓடக் கூடாது என்று சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆளை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள்.

முனுசாமி தனியாகப் பிடித்துப் பார்த்தார். பிராஞ்ச் திமிறி ஒரு சுற்றுச் சுற்றி அவர் முழங்காலுக்குக் கீழே அடித்தது. அவர் விழுந்தார். தண்ணீர் வானத்துக்குப் பீய்ச்சியது. நான் பம்பின் வேகத்தைக் குறைத்தேன், குறைக்காவிட்டால் அந்தப் பித்தளை இன்னும் நாலு பேரை அடித்திருக்கும். யாரோ ஓடிவந்து பிராஞ்சை எடுத்தார்கள். நான் மறுபடியும் தண்ணீர் கொடுப்பதற்குள் ஏகாம்பரம் வீட்டுப் பின்கூரை முழுவதும் பிடித்து உள்ளே இறங்கிவிட்டது.

அதிகாரி வாசல் பக்கம் இருந்தார். வள்ளியம்மாள் தறிக்குப் பக்கத்தில், விழுந்த மூங்கிலுக்கு அந்தப் புறம். எரிகிற மூங்கிலை அவர் வெறும் கையால் பிடித்து இழுத்தார். நாலைந்து பேர் போய் அவரை இடுப்பில் பிடித்து வெளியே இழுத்து வந்தார்கள். வந்த பிறகும் அவர் திமிறிக்கொண்டிருந்தார். கையைப் பார்க்க முடியவில்லை.

கீழ்த்தெரு பிழைத்தது. வாளியோடு நின்ற ஜனத்தால் பிழைத்தது. வாலாஜாபாத்திலிருந்து எங்கள் எஞ்சின் திரும்பி வந்து தெருமுனையில் நின்றபோது அணைக்க ஒன்றும் மிச்சம் இல்லை. ஆட்கள் இறங்கி நின்றார்கள்.

ஏகாம்பரம் சரிகைப் பொட்டலத்தோடு வந்தார். அவரை யாரும் தடுக்கவில்லை. வீட்டுக்கு முன்னால் நின்று, "பொடவ போனா போவுதுன்னு சொல்லியிருக்கலாமே யாராச்சும்" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

விசாரணை டிராவலர்ஸ் பங்களாவில் நடந்தது. நடத்தியவர் முன்பு பம்பைப் பார்வையிட வந்தவர் இல்லை, வேறொருவர். மரியாதையாகத்தான் பேசினார். என்னை உட்காரச் சொன்னார்.

"பம்பு வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது சார்."

"பெட்ரோல்?"

"இருந்துது."

"தண்ணி?"

"கெணறு நெறைய இருந்துது சார்."

"அப்போ தேவையான சாதனம் எல்லாம் இருந்திருக்கு."

"ஆள் இல்ல சார். ஆறு பேர் பார்க்கிற வேலைய ரெண்டு பேர் பார்த்தோம். மூணாவதா ஒரு பயர்மேன் ஹோஸ்ல நின்னிருந்தா அந்தப் பொம்பள வெளிய வந்திருப்பா."

அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "அது அரசாங்கத்தோட கொள்கை முடிவு. இந்த விசாரணை சம்பவத்தைப் பத்தி மட்டும்தான்."

"சம்பவமே அதுதானே சார்" என்றேன். "நீங்க போலாம்" என்றார்.

எங்கள் அதிகாரிமேல் வந்த குற்றச்சாட்டுகளைக் கேளுங்கள். வாலாஜாபாத் தீக்குத் தலைமை தாங்கிப் போகாமல் நிலையத்தில் தங்கியது. தனியார் லாரியைக் கட்டாயப்படுத்தி எடுத்தது. தடை உத்தரவை மீறி வெளியாட்களிடம் அரசாங்கச் சாதனத்தைக் கொடுத்து, அதனால் ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தியது. துணையின்றித் தனியாக உள்ளே நுழைந்தது. ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாவற்றையும் அவர் செய்தார். அதைச் செய்யாமல் இருந்திருந்தால் அந்தக் குழந்தையும் போயிருக்கும், கீழ்த்தெருவும் போயிருக்கும். அது எந்தக் குற்றச்சாட்டிலும் வராது.

கையில் கட்டோடு வந்து நின்றார். உங்கள் விளக்கம் என்ன என்று கேட்டதற்கு, "இதையெல்லாம் நான் செஞ்சேன் சார். செய்ய வேண்டாம்னா ஆள் அனுப்பியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். தண்டனை கொடுத்து வேறு ஊருக்கு மாற்றினார்கள். விரல்கள் வளைந்தபடியே இறுகிவிட்டன. கொஞ்ச காலத்தில் மருத்துவக் குழு, இவர் இந்த வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியது.

முனுசாமிக்கு உடைந்த கால் குட்டையாகக் கூடியது. கொப்பரைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்க முடியாதவருக்குச் சாயப்பட்டறையில் என்ன வேலை? நஷ்டஈடு கேட்டு எழுதிப் போட்டோம். அவர் ஊழியர் இல்லை, தானாக முன்வந்த பொதுமக்களில் ஒருவர், ஆகவே வழியில்லை என்றார்கள். ஊரில் ஒரு கூட்டம் போட்டு அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அவரைப் பார்க்கப் போனபோது, "அதைப் போத்திக்கினா சோறு வருமா சார்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிற மாதிரி கேட்டார். அவருடைய வீட்டுக்காரி கூலிக்கு நூல் இழைக்கப் போக ஆரம்பித்தாள்.

சில வருஷம் கழித்து நான் ஆற்காட்டுப் பக்கம் ஒரு சினிமாக் கொட்டகைக்குச் சோதனைக்குப் போனேன். வாசலில் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்தவர் எங்கள் அதிகாரி. வளைந்த விரல்களுக்கு நடுவே டிக்கெட்டைச் செருகி உள்ளங்கையால் கிழித்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். மணல் வாளிகளெல்லாம் நிரம்பியிருந்தன, வெளியேறும் கதவுகளில் ஒன்றுகூடப் பூட்டியிருக்கவில்லை. நான் அதுவரை சோதித்த கொட்டகைகளில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. டீ குடிக்கும்போது குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன், சொன்னார். அந்தத் தீயைப் பற்றி இருவரும் பேசவில்லை. நான் கிளம்பும்போது மட்டும், "ஸ்டேஷன்ல இப்ப எத்தனை பேரு அண்ணே?" என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் கிழிக்கப் போனார்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். முடியாததை முடியாது என்று சொல்லுங்கள். அவர் சொன்னார், ஒரு பயனும் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். பயன் இல்லைதான். ஆனால் அன்றைக்கு எல்லா நிலையங்களும் அவரைப் போலவே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மற்றவர்கள் சமாளிக்கிறார்கள் என்பதைத்தான் அவருக்கு எதிராகக் காட்டினார்கள். நீங்கள் பெருமைக்குச் சொல்லும் ஒரு 'சமாளிச்சிடுவோம்' முகம் தெரியாத இன்னொரு ஊர்க்காரனின் கழுத்தில் போய்ச் சேரும்.

விசாரணையின் முடிவு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. இயக்க ஆளில்லாத சாதனம் ஒரு நிலையத்தில் இருப்பது ஆபத்து என்று கண்டுபிடித்தார்கள். இதைத்தான் எங்கள் அதிகாரி தொடக்கத்திலேயே சொன்னார். ஆகவே ஆள் கொடுப்பார்கள் என்று நாங்கள் நினைத்தோம். ஆனால், பம்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள உத்தரவு வந்தது.

ஒரு நாள் காலையில் அதற்கு லாரி வந்தது. லாரியில் எட்டுப் பேர் இறங்கினார்கள். எல்லோரும் யூனிபார்மில், திடமான ஆட்கள். பலகை போட்டார்கள், கயிறு கட்டினார்கள், ஒருவர் சொல்ல மற்றவர்கள் தள்ளினார்கள். ஒரு சிராய்ப்பு இல்லாமல் பம்பை ஏற்றினார்கள். பயிற்சி பெற்றவர்கள் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஏகாம்பரம் அந்தப் பக்கமாகச் சைக்கிளில் வந்தார். முன்னால் பாரில் அந்தப் பெண் குழந்தை. இறங்கி, குழந்தையை இறக்கிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். ஏற்றி முடிக்கும் வரை பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"இவங்கல்லாம் எங்க இருந்து வந்துக்கீறாங்க சார்?"

"பக்கத்து ஊருங்கள்ல இருந்துபா" என்றேன்.

அந்தக் குழுவுக்குத் தலைவராக வந்தவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "ஆர்டர் வந்துதுங்க. வந்துட்டோம்" என்றார். அவருக்கு ஏகாம்பரம் யாரென்று தெரியாது.

ஏகாம்பரம் எட்டுப் பேரையும் ஒரு தடவை பார்த்தார். "அப்ப அன்னிக்கு எங்க தெருவுக்கு ஆர்டர் வர்ல, அவ்ளோதானே சார்" என்று என்னைக் கேட்டார்.

நான், ஆமாம் என்றேன். அவர் குழந்தையைத் தூக்கிப் பாரில் உட்கார வைத்துக்கொண்டு போய்விட்டார்.